சூழலியல் முதுகலைக்கு ஜெர்மனி போகலாமா? ஆய்வேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

தாவரவியல் பி.எஸ்.சி.யை 74 சதவீதத்துடன் முடித்திருக்கிறீர்கள். ஜெர்மனியில் ஆங்கில வழியில் நடக்கும் சூழலியல், பல்லுயிர்ப் பாதுகாப்பு முதுகலை ஒன்றில் சேர விருப்பம். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, புள்ளியியல் வராதது பெரிய குறையா, ஆய்வேட்டை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே செய்ய முடியுமா, முடித்தால் வேலை கிடைக்குமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்கையும் சேர்த்துப் படித்தால் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: இவ்வளவு பணமும் இரண்டு வருடமும் போட்டால், காட்டின்மேல் ஆசை உள்ள ஒருவர் அதையே தொழிலாகச் செய்து சம்பளம் வாங்குபவராக மாறுவாரா? அது பல்கலையின் பெயரைவிட, நான்காம் செமஸ்டரில் நீங்கள் எழுதப்போகும் ஆய்வேட்டைப் பொறுத்தது. எந்தக் கேள்வி, எந்த உயிரினம், எந்த வழிகாட்டி, எந்தப் பருவம் என்பதை ஓரளவு முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து படிப்பைத் தேர்ந்தெடுப்பதே சரி. பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஏனென்றால் ஒரே மாதிரிப் பெயர்களுக்குப் பின்னால் மூன்று வேறு வேறு படிப்புகள் இருக்கின்றன. முதலாவது ஆராய்ச்சிச் சூழலியல். ஹாலே, யேனா, லைப்சிக் ஆகிய மூன்று நகரங்களையும் இணைத்து 2012 முதல் இயங்கும் பல்லுயிர் ஆராய்ச்சி மையத்தைச் சுற்றி நடப்பது இந்த வகை. யேனாவில் 2002 முதல் புல்வெளிச் செடி இனங்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் ஒரு நீண்டகாலப் பரிசோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரித் தரவுகளோடு வேலை செய்ய ஆசை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். இரண்டாவது பாதுகாப்பு மேலாண்மை. கோட்டிங்கன் பல்கலையும் நியூசிலாந்தின் லிங்கன் பல்கலையும் சேர்ந்து நடத்தும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு முதுகலை இதற்கு நல்ல உதாரணம். மூன்றாவது வனவியல். டிரெஸ்டன் பல்கலையின் தாராண்ட் வளாகத்தில் நடக்கும் வெப்பமண்டல வனவியல் இந்த வகை. இதில் மர அளவீடு, காட்டுப் பொருளாதாரம், மேலாண்மைத் திட்டம் எல்லாம் வரும். விளம்பரப் பக்கத்தில் மூன்றுக்கும் ஒரே பச்சைப் படம்தான் இருக்கும்.

வித்தியாசத்தைக் காட்டுவது பாடத்தொகுதிக் கையேடு. ஒவ்வொரு ஜெர்மன் படிப்புக்கும் அது பி.டி.எஃப். வடிவில் இணையத்தில் கிடைக்கும். இரண்டு வருட முதுகலை மொத்தம் 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பாடம் என்றால் 180 மணி நேரம் வரை. அதில் வகுப்பில் உட்காருவது மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், மிச்சம் நீங்களே செய்ய வேண்டியது. ஆய்வேட்டுக்கு வழக்கமாக 30 கிரெடிட். ஒரு தாளை எடுத்து, புள்ளியியலுக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் எத்தனை, இனம் அடையாளம் காண எத்தனை, சட்டம், கொள்கை, சமூகவியலுக்கு எத்தனை என்று கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டும் சேர்ந்து 18க்குக் கீழே இருந்தால், அந்தப் படிப்பு உங்களைக் களப்பணியாளராக்காது என்பது என் கணிப்பு. கொள்கைப் பக்கம் போக நினைப்பவருக்கு அதே படிப்பு பொருத்தமாக இருக்கலாம்.

கோட்டிங்கன்–லிங்கன் போன்ற இணைப் படிப்பில் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மனியில் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் மனிதர் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த நிலத்தைக் காப்பது. வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் புல் அறுக்கும், உரம் போடாத புல்வெளியில்தான் அங்கே செடி இனங்கள் நிறைந்திருக்கும்; அறுப்பை நிறுத்தினால் புதரும் மரமும் ஏறி அந்த இனங்கள் போய்விடும். நியூசிலாந்தில் நிலைமை நேர் எதிர். வெளியிலிருந்து வந்த எலி, ஸ்டோட் (கீரி போன்ற சிறு ஊனுண்ணி), போஸம் (மரமேறும் பைம்மா) ஆகியவற்றை அடியோடு ஒழிப்பதுதான் அங்கே பாதுகாப்பின் மையம். 2050-க்குள் நாட்டையே அவற்றிலிருந்து விடுவிப்பது என்று 2016-ல் அரசு இலக்கு வைத்தது. யானை, புலி, காப்பகம், காட்டோர கிராமம் என்று யோசித்துப் பழகிய நம் ஊர் மாணவருக்கு இரண்டுமே புதிது. அந்த முரண்பாட்டைப் பார்ப்பதே அந்தப் படிப்பின் பெரிய லாபம் என்று சொல்வேன். ஆனால் இரண்டாவது விசா, இரண்டாவது விமானச் செலவு, விலைவாசி அதிகமான நாட்டில் சில மாதங்கள் என்று செலவும் ஏறும்.

சேர்க்கைக் கணக்கு இப்படி. உங்கள் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்புக்கு மாற்றத் திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் பயன்படுகிறது: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள், அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள், மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 74 சதவீதம், தேர்ச்சி 40 என்றால் 26-ஐ 60-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட 2.3 வரும். ஒன்றுதான் உச்சம், எண் கூடக்கூட மோசம். பல படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைப்பதால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், ஆனால் சௌகரியமாக இல்லை. இதில் பலர் கோட்டை விடுவது தேர்ச்சி மதிப்பெண் விஷயத்தில். மதிப்பெண் பட்டியலில் அது அச்சாகாமல் இருந்து, மதிப்பிடுபவர் 50 என்று எடுத்துக்கொண்டால் அதே 74 சதவீதம் 2.56 ஆகிவிடும். தேர்ச்சி மதிப்பெண் 40 என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்துடன் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மூன்று வருடப் பாடத்திட்டமும் முத்திரையோடு வேண்டும். உயிரியலில் இத்தனை கிரெடிட், புள்ளியியலில் இத்தனை கிரெடிட் என்று கேட்கும் பல்கலைகளில், 'உயிர்ப்புள்ளியியல்' உங்கள் தாள் ஒன்றின் நான்காம் அலகில் ஒளிந்திருப்பதை நீங்கள்தான் எடுத்துக் காட்ட வேண்டும். மூன்று வருடப் பட்டத்தைப் பல பல்கலைகள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. இதில் பொது விதி கிடையாது, அந்தந்தச் சேர்க்கை அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான பதிலே செல்லும். இந்திய மாணவருக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழும் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அக்டோபரில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் விதிவிலக்கு: ஃப்ரைபர்க், டூபிங்கன், ஹோகன்ஹைம் போன்ற இடங்களில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் (மாதம் இவ்வளவு என்று மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. இந்தத் தொகை அவ்வப்போது உயர்கிறது, விண்ணப்பிக்கும் மாதத்தில் தூதரகப் பக்கத்தில் சரிபாருங்கள். உதவித்தொகையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ்தான் பெரியது: மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம், கல்விக் கட்டணமும் கிடையாது, பயணமும் விசாவும் அந்த 1,400-க்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பிரஸ்ஸல்ஸ் பல்கலை ஒருங்கிணைக்கும் வெப்பமண்டலப் பல்லுயிர்ப் படிப்பும், பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலை ஒருங்கிணைக்கும் கடல் உயிர்வளப் படிப்பும் இந்தத் திட்டத்தில் வளர்ந்தவை. விண்ணப்பக் காலம் வழக்கமாக அக்டோபர் முதல் ஜனவரிக்குள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் வளர்ச்சி சார்ந்த உதவித்தொகைக்கு இரண்டு வருடப் பணி அனுபவம் வேண்டும். படிப்பை முடித்த கையோடு அதற்கு முயல்வது வீண். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவராக இருந்தால் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தையும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் பாருங்கள்.

இனி புள்ளியியல். 'கணக்கு வராது' என்று எழுதியிருக்கிறீர்கள். வகைநுண்கணிதம் மறந்து போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் எது தனித்த மாதிரி (sample), எது அதே மாதிரியைத் திரும்ப அளந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் ஆய்வேடு அங்கேயே உடையும். அறுக்கும் புல்வெளி ஐந்து, அறுக்காத புல்வெளி ஐந்து, ஒவ்வொன்றிலும் இருபது சதுரங்கள் போட்டுச் செடிகளை எண்ணினீர்கள் என்று வைப்போம். கையில் 200 சதுரங்கள் இருக்கும். ஆனால் அறுப்பின் விளைவைச் சோதிக்க உங்களிடம் இருப்பது பத்து புல்வெளிதான். ஒரே புல்வெளிக்குள் இருக்கும் இருபது சதுரங்களும் ஒரே மண், ஒரே ஈரம், ஒரே உரிமையாளர். 200 என்று போட்டுச் சோதித்தால் இல்லாத விளைவு இருப்பதாகத் தெரியும். களத்துக்குப் போகும் முன் இதை உணர்ந்தவர் சதுரங்களைக் குறைத்துப் புல்வெளிகளைக் கூட்டுவார். திரும்பி வந்து உணர்ந்தவருக்கு, புல்வெளியைத் தற்செயல் காரணியாக வைத்த கலப்பு மாதிரியும் (mixed model என்னும் புள்ளியியல் முறை) பத்து புல்வெளிகளும்தான் கதி.

இன்னொன்று, கண்டறியும் வாய்ப்பு. ஒரு தவளை ஒரு குளத்தில் இருந்தும், ஒரு முறை போனால் அதைக் காணும் வாய்ப்பு 0.3 என்றால், மூன்று முறை போனாலும் காணும் வாய்ப்பு 66 சதவீதத்தைத் தாண்டாது. ஐந்து முறை போனால் 83. அதாவது மூன்று முறை போய்விட்டு 'இல்லை' என்று எழுதினால், தவளை இருக்கும் குளங்களில் மூன்றில் ஒன்றை இல்லாத கணக்கில் சேர்க்கிறீர்கள். கோட்டுப்பாதையில் நடந்து தூரம் அளந்து அடர்த்தி கணிக்கும் முறைக்கும் 60 முதல் 80 பார்வைகளாவது வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அரிய விலங்குக்கு ஆறு மாத ஆய்வேட்டில் அது கிடைக்காது. அதனால்தான் அனுபவமுள்ள வழிகாட்டிகள் நீங்கள் ஆசைப்படும் அரிய இனத்தைத் தள்ளிவைத்து, சலிப்பூட்டும் பொதுவான இனத்தைக் கொடுப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

இப்படி யோசிக்கத் தெரிந்தால்தான் பெரிய ஆய்வுகளையும் சரியாகப் படிக்க முடியும். ஜெர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் பறக்கும் பூச்சிகளின் எடை 27 வருடத்தில் 75 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2017-ல் வெளியான ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த இடங்களில் பல, ஒரே ஒரு வருடம் மட்டும் பொறி வைத்த இடங்கள். வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு இடங்களில் கிடைத்த எடைகளை வானிலை, நிலப்பயன்பாடு ஆகியவற்றுக்கும் இடம் கொடுத்து ஒரு புள்ளியியல் மாதிரியால் (model) கோத்த போக்கு அது. சரிவு கூர்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காரணம் எது, எந்தப் பூச்சிக் குழு அதிகம் அடி வாங்கியது என்பதை எடைக்கணக்கு மட்டும் சொல்லாது. முதல் செமஸ்டர் கருத்தரங்குகளில் இந்த வகை வாசிப்பைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

ஆகவே போகும் முன் மூன்று மாதம், தினம் ஒரு மணி நேரம் ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல்மொழிக்கு ஒதுக்குங்கள். தரவை உள்ளே எடுப்பது, வரைபடம் போடுவது, நேர்கோட்டு மாதிரி, எண்ணிக்கைக்குப் பாய்சான் மாதிரி, உண்டு-இல்லை தரவுக்கு இருமை மாதிரி, இந்த வரிசையில். பாடநூலோடு வரும் தரவை விட்டுவிட்டு, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றப்படும் உங்கள் மாவட்டப் பட்டியல்களை இறக்கிப் பழகுங்கள். எழுத்துப்பிழை, விட்டுப்போன நேரம், ஒரே ஆள் பதிவு செய்த நாற்பது பட்டியல் என்று உண்மையான தரவின் அழுக்கு எல்லாம் அதில் இருக்கும்.

தாவரவியல் படித்தது உங்களுக்கு நல்ல முதல். சூற்பையின் நிலையும் பூச்சூத்திரமும் எழுதத் தெரிந்தவருக்கு இனம் காணும் வகுப்பில் பாதி பயம் கிடையாது. ஆனால் நம் கல்லூரிகளில் இன்னும் பெந்தம்–ஹூக்கர் வகைப்பாட்டையே மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். அங்கே மூலக்கூறு அடிப்படையிலான ஏ.பி.ஜி. முறைதான். வெங்காயம் லிலியேசியிலிருந்து அமரில்லிடேசிக்குப் போய்விட்டது. வெரோனிகா ஸ்க்ரோஃபுலேரியேசியில் இல்லை, பிளான்டாஜினேசியில் இருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு போனால் இரண்டாம் செமஸ்டரில் நேரம் மிச்சமாகும். பூக்காத புல்லை இலையடி நாக்கைப் பார்த்தே அடையாளம் காணப் பழகுவதும் அவசியம், ஏனென்றால் எல்லாப் புல்லும் பூத்து முடிக்கும்வரை அறுவடைக்காரர் காத்திருக்க மாட்டார்.

எல்லாவற்றையும் கட்டிப்போடுவது பருவம். படிப்பு அக்டோபரில் தொடங்கும். நான்காம் செமஸ்டர் ஏப்ரலில். புல்வெளிச் செடிகளுக்கு மே முதல் ஜூலை, கூடு கட்டும் பறவைகளுக்கு மார்ச் முதல் ஜூன், வௌவாலுக்கு மே முதல் செப்டம்பர். ஏப்ரலில்தான் வழிகாட்டியைத் தேட ஆரம்பித்தால் அந்தப் பருவம் போனது போனதுதான். மூன்றாம் செமஸ்டர் டிசம்பருக்குள் வழிகாட்டி, தலைப்பு, இடம், நில உரிமையாளரின் அனுமதி நான்கும் கையில் இருக்க வேண்டும். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் அந்த முடக்கக் கணக்கின் கணக்குப்படியே சுமார் 6,000 யூரோ கூடுதல்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆய்வேடு முடியாதது அல்ல, ஆனால் பெரும்பாலும் காகிதத்தில்தான் தோற்கும். காப்பகம், சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், எத்தனை என்று யாரும் உறுதி தர முடியாது. இலை, திசு, மண் என்று மாதிரி எடுத்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது அடுத்த தடை. 2002-ம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டப்படி வெளிநாட்டு நிறுவனமும், வருமானவரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவராகக் கருதப்படும் இந்தியக் குடிமகனும் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். நம் நாட்டுச் செடிதானே, நான் இந்தியன்தானே என்று பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. மரபு வளங்களின் பயன்பாடு, பலன் பகிர்வு பற்றிய நகோயா ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் 2014-ம் ஆண்டின் ஐரோப்பிய விதிமுறை அந்தப் பக்கத்திலும் கேள்வி கேட்கும் என்பதால் உங்கள் வழிகாட்டியே தயங்குவார். நடைமுறையில் நடக்கக்கூடியது, மாதிரி எடுக்காத ஆய்வை வனத்துறை எல்லைக்கு வெளியே வைப்பது: தேயிலை, காப்பித் தோட்டங்களில் பறவை எண்ணிக்கை, ஒலிப்பதிவு, கோயில்காடுகளில் மர அளவீடு, ஏரிகளில் நீர்ப்பறவை. உரிமையாளரின் அல்லது ஊராரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். விலங்கைப் பிடித்து அளக்கும் வேலை இதில் சேராது. உள்ளூர் ஆய்வு நிறுவனம் ஒன்று ஏற்கெனவே அனுமதியோடு நடத்தும் திட்டத்தில் சேர்ந்துகொள்வது இன்னும் பாதுகாப்பு.

வேலையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முடித்த பின் வேலை தேட ஜெர்மனி 18 மாதம் தங்க அனுமதிக்கிறது. அங்கே களச் சூழலியலாளருக்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் தனியார் மதிப்பீட்டு அலுவலகங்கள்: சாலை, காற்றாலை, குடியிருப்பு கட்டும் முன் ஐரோப்பியப் பறவை, வாழிட வழிகாட்டுதல்களின்படி பறவை, வௌவால், பல்லி எண்ணித் தர வேண்டும். அறிக்கை ஜெர்மன் மொழியில். ஆங்கில வழிப் படிப்பை நம்பி, பி1 என்னும் இடைநிலை ஜெர்மன் மொழித் திறனைக்கூடத் தொடாதவருக்கு இந்தக் கதவு திறக்காது. முதல் நாளிலிருந்தே மொழி வகுப்பில் உட்காருங்கள். முனைவர் படிப்பு என்றால் அங்கே அது சம்பள வேலை, வழக்கமாக 65 சதவீதப் பணியிடம் (முழுநேரச் சம்பளத்தில் அந்த அளவு), மூன்று வருட ஒப்பந்தம். போட்டி கடுமை, அங்குதான் ஆய்வேடும் அதில் நீங்கள் செய்த பகுப்பாய்வும் பேசும். இந்திய வனப்பணிதான் உள்ளுக்குள் இருக்கும் ஆசை என்றால் ஒரு வார்த்தை: அதற்குத் தாவரவியல் இளங்கலையே போதும், வயது வரம்பு மட்டும் காத்திருக்காது. இந்தியக் காட்டில்தான் ஆராய்ச்சி என்று முடிவாக இருந்தால், பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் வனஉயிரியல் முதுகலையையும் டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனத்தின் முதுகலையையும் முதலில் முயலுங்கள். இடங்கள் மிகக் குறைவு, ஆனால் செலவும் குறைவு, களமும் நம்முடையது. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் வனஉயிரியல் முதுகலை உண்டு.

விண்ணப்பக் கடிதத்தில் 'சிறு வயதிலிருந்தே இயற்கையை நேசிக்கிறேன்' என்று தொடங்காதீர்கள். மற்ற விண்ணப்பங்களிலும் அதுதான் இருக்கும். ஒரு கேள்வி, அதற்கு எந்தத் தரவு வேண்டும், அதை எடுக்க உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அந்தப் படிப்பின் எந்தப் பாடம் அந்த இடைவெளியை நிரப்பும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சல் இன்னும் சுருக்கம்: அவரது சமீபத்திய கட்டுரை ஒன்றில் எந்த முறையைக் கண்டு எழுதுகிறீர்கள், உங்களிடம் என்ன திறன் இருக்கிறது, எந்த மாதத்தில் ஆய்வேடு தொடங்குவீர்கள், அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலையும் நீங்கள் எழுதிய ஒரு ஆர் நிரலையும் இணையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல். மே முதல் ஜூலை வரை எழுதாதீர்கள், அவர்களும் களத்தில் இருப்பார்கள்.